ஹைபிரிட் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: பேட்டரியைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வைத்திருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்தது, "பேட்டரி போனா எவ்வளவு ஆகும்?" எக்ஸ்டெண்டட் வாரண்டி (பணம் கட்டிக் கம்பெனி வாரண்டியை நீட்டித்துக்கொள்வது) விற்பவர்களும் இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். என் காருக்கு அதை எடுப்பதா, வேண்டாமா என்று வாரண்டிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தபோது எனக்குத் தெளிவானது வேறு. பேட்டரிக்காக இதை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எடுப்பதென்றால் மற்ற பாகங்களுக்காகத்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது சுலபமாகிவிட்டது. அதனால் நான் யோசித்த வழியை அப்படியே எழுதிவைக்கிறேன்.

என்னுடையது டொயோட்டா ஹைரைடர், ஸ்ட்ராங் ஹைபிரிட் (எஞ்சின் இல்லாமல் மோட்டாரிலேயே சிறிது தூரம் ஓடக்கூடிய வகை). 2023 தொடக்கத்தில் வாங்கியது. வீடு தாம்பரம் பக்கம், வேலை சிறுசேரியில். தினமும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, அவ்வப்போது திருநெல்வேலி. ஆண்டுக்குச் சுமார் 15,000 கி.மீ. ஓடுகிறது.

வாங்கும் நாளிலேயே ஆன்ரோடு விலைத் தாளில் எக்ஸ்டெண்டட் வாரண்டியைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சீட் கவர், ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப் வரிசையில் அதுவும் ஒரு வரி. அதை எடுத்துவிடச் சொன்னேன். விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர், "சார், இது ஹைபிரிட் சார். பேட்டரி மட்டுமே லட்சக்கணக்கில வரும்" என்றார்.

"பேட்டரிக்குக் கம்பெனியே 8 வருஷம் தருதே தம்பி?"

"அது கரெக்ட்தான் சார், இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு..."

எதற்கான சேஃப்டி என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வண்டிக்குச் சாதாரண வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. ஹைபிரிட் பேட்டரிக்குத் தனியாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. பணம் கட்டினால் சாதாரண வாரண்டியை 5 ஆண்டு அல்லது 2,20,000 கி.மீ. வரை நீட்டிக்கலாம். எதிலும் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. நீட்டிப்பை 3 ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தள்ளிப்போட்டால் விலை கொஞ்சம் கூடும். அதனால் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இலங்கையில் இருக்கும் நண்பர்களிடம் பேசினால் ப்ரியஸ், அக்வா என்ற டொயோட்டா ஹைபிரிட்களின் கதைகள் நிறைய வரும். அங்கே ஓடும் ஹைபிரிட்களில் பெரும்பங்கு ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு இறக்குமதியானவை. கம்பெனி வாரண்டி இல்லாத பழைய வண்டியில் பேட்டரி சோர்ந்தால் கைக்காசுதான். செல் மாற்றித் தருவதே அங்கே தனித் தொழிலாக நடக்கிறது. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, இந்தியாவில் புதிதாக வாங்கிய வண்டிக்கும் அதே கணக்கைப் போட்டால் தப்பாகத்தான் வரும். நம்முடைய வண்டியில் முதல் 8 ஆண்டுக்கு அந்தக் கவலை கம்பெனியுடையது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன், "எதுக்குண்ணா வேஸ்ட்டா கட்டறீங்க, நான் எடுக்கவே இல்ல" என்றான். அவன் சொன்னது அவன் ஊருக்குச் சரி. அங்கே டொயோட்டா 2020 மாடலிலிருந்து ஹைபிரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் தருகிறது. பேட்டரியைத் தவிர இன்வெர்ட்டர், ஹைபிரிட் கன்ட்ரோல் மாட்யூல் போன்றவற்றுக்கும் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உண்டு. நம் ஊரில் அந்த 8 ஆண்டு பேட்டரிக்கு மட்டும்தான். ஒரே கம்பெனி, ஒரே தொழில்நுட்பம் என்றாலும் நாடு மாறினால் தாளில் இருப்பதும் மாறிவிடுகிறது. அங்கே பெரிய பேச்சாக இருந்த இன்னொன்று, நான்கு சக்கரமும் இழுக்கும் (ஆல்வீல் டிரைவ்) டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில் பின்பக்க மோட்டாருக்குப் போகும் ஹை வோல்டேஜ் கேபிள் அரித்துப்போவது. பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்புதான் காரணம். கம்பெனி அந்தக் கேபிளுக்கான வாரண்டியைப் பிறகு நீட்டித்துத் தந்தது. என் வண்டியில் பின்பக்க மோட்டாரும் இல்லை, தாம்பரத்தில் பனியும் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்து நான் பயப்பட ஒன்றுமில்லை.

நாடு மாற வேண்டும் என்றுகூட இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் கல்லூரி நண்பனிடம் மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் இருக்கிறது. இரண்டு வண்டியும் கர்நாடகத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் செய்தவை. அதே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், அதே மோட்டார், அதே பேட்டரி. "மாப்ள, உள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணுதான்டா, உனக்கு மூணு வருஷம், எனக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டான். அவன் வாங்கியபோது மாருதியில் சாதாரண வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே. 2024 ஜூலை முதல் டெலிவரி ஆன வண்டிகளுக்குத்தான் அதை 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. ஆக்கினார்கள். அவன் மெஷினரி விற்பனையில் இருப்பவன். திருப்பூர், கரூர், ஈரோடு என்று ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓட்டுகிறான். அவனுக்கு அந்த 2 ஆண்டு ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும். அதனால் அவன் வாங்கும்போதே எக்ஸ்டெண்டட் எடுத்தது மிகச் சரி.

அவன் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. பேட்டரிக்கு 8 ஆண்டு என்று எழுதியிருந்தாலும், அவன் ஓட்டும் வேகத்துக்கு 1,60,000 கி.மீ. 4 ஆண்டில் முடிந்துவிடும். மாருதியில் இப்போது சாதாரண வாரண்டியை 6 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை நீட்டிக்கலாம். இவனைப் போல ஓட்டுபவருக்கு அந்த 6 ஆண்டும் 4 ஆண்டுதான். ஆகவே நிறைய ஓட்டுபவர்கள் ஆண்டுக் கணக்கை மறந்துவிட்டு கி.மீ. கணக்கை மட்டும் பாருங்கள். என்னைப் போலக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு நேர்மாறு. 5 ஆண்டில் 75,000 தாண்ட மாட்டேன். எனக்கு 2,20,000 என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. நான் காசு கொடுப்பது கூடுதலாக வரும் இரண்டு ஆண்டுக்கு மட்டும்.

சரி, அந்த இரண்டு ஆண்டில் என்ன போகக்கூடும்? இதை ஷோரூமில் கேட்டுப் பயனில்லை, ஒர்க்‌ஷாப்பில்தான் கேட்க வேண்டும். ஒரு சர்வீஸின்போது மூத்த டெக்னீஷியன் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "அண்ணே, இந்த வண்டியில எதுக்கு நான் பயப்படணும்?" பானட்டைத் திறந்து காட்டினார். முதலில் காட்டியது ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த கேபிள்களை. அவை ஹை வோல்டேஜ். பயிற்சி பெற்றவர், பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் ப்ளக்கைக் கழற்றி, இன்சுலேட்டட் கையுறை போட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

அப்புறம் சொன்னார்: "சார், இதுல கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, ஃபேன் பெல்ட்டும் கிடையாது. வழக்கமா செலவு வைக்கிற ஐட்டம் பாதி இதுல இல்ல. வேகம் குறைக்கிறப்போ மோட்டாரே பிடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துது, அதனால பிரேக் பேடுகூட லேட்டாதான் தேயும். ஆனா எலக்ட்ரானிக் சமாச்சாரம் ஒண்ணு போச்சுன்னா பிரிச்சு சரிபண்ற வேலை இல்ல. அப்படியே அசெம்பிளியா மாத்தணும்."

நான் இத்தனை நாள் தேடிய விஷயம் அந்தக் கடைசி வரியில் இருந்தது. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் இடத்தில் இரண்டு மோட்டாரோடு இருக்கும் டிரான்ஸ்ஆக்சில், மின்சாரத்தில் ஓடும் ஏசி கம்ப்ரெசர், மின் கட்டுப்பாட்டில் இயங்கும் பிரேக் அமைப்பு: இவை எதுவும் அந்த 8 ஆண்டு பேட்டரி வாரண்டிக்குள் வராது. இவை சீக்கிரம் கெடுபவை என்று நான் சொல்லவரவில்லை. டொயோட்டா இந்த அமைப்பை 1997-இல் முதல் ப்ரியஸில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. கெடுவது அரிது. ஆனால் கெட்டால் பெரிய தொகை, வெளி மெக்கானிக்கிடம் மலிவாக முடிக்கும் வழியும் இல்லை. அதோடு பெரிய டச் ஸ்கிரீன், 360 டிகிரி கேமரா, சன்ரூஃப் என்று டாப் மாடலில் இருக்கும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி பார்த்தார். "அந்தப் பணத்தை பேங்க்கில போட்டு வை. ரிப்பேர் வந்தா எடுத்துக்க, வரலேன்னா உனக்கே மிச்சம்." இந்த வாதத்தை யாரும் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. வாரண்டி விற்பவர், மொத்தமாகக் கொடுக்கும் ரிப்பேர் செலவைவிட அதிகமாக வசூலித்தால்தான் அவருக்கு லாபம். அப்படியென்றால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கட்டிய அளவுக்குத் திரும்ப வாங்குவதில்லை. சாதாரண பெட்ரோல் கார், கியர் வண்டி, நம்பகமான மெக்கானிக் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் நான் அப்பா சொன்னபடிதான் செய்வேன்.

ஹைபிரிட்டில் என்னைத் தயங்கவைத்தது செலவின் அளவு. இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (விலை வண்டிக்கு வண்டி, எடுக்கும் நேரத்துக்கு நேரம் மாறும், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்). ஆண்டுக்கு 15,000. சின்னச் சின்ன ரிப்பேருக்கு இது அதிகம், கையிலிருந்தே கொடுத்துவிடலாம். ஆனால் ஒரே பில்லில் லட்சத்தைத் தாண்டும் செலவு வந்தால், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போகிற மாதத்தில் எனக்கு அது நிஜமான அடி. அந்த அடிக்கு மட்டும்தான் இந்தப் பணம். கட்டிய 30,000 திரும்பி வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வராமல் போனால்தான் எனக்கு மகிழ்ச்சி.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவருக்கு, வேறொரு கம்பெனியின் கார், வாரண்டி முடிந்த நான்காம் ஆண்டில் ஏசி கம்ப்ரெசர் போனது. பெட்ரோல் காரில் ஏசி போனால் வியர்வையோடு முடிந்துவிடும். ஹைபிரிட்டில் கம்ப்ரெசரே ஹை வோல்டேஜில் ஓடுவது, பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றும் பல வண்டிகளில் கேபினுக்குள்ளிருந்துதான் போகிறது. சென்னை மே மாதத்தில் அந்த நிலைமையை நினைத்துப் பார்த்ததும் என் மனம் எடுக்கும் பக்கம் சாய்ந்தது.

இதையெல்லாம் வைத்து எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்விகள் சில. இந்த வண்டியை எவ்வளவு காலம் வைத்திருப்பேன்? எட்டு, பத்து ஆண்டு. வீட்டில் வேறு கார் உண்டா? இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் தொடர்ந்து விடுவேனா? ஆமாம். மூன்றுக்கும் பதில் இப்படி இருந்ததால் எடுத்தேன். நான்காம் ஆண்டிலேயே விற்றுவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் விட்டுவிடலாம், ஒரு ஆண்டு மட்டும் நீட்டிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். மீதி வாரண்டி அடுத்த உரிமையாளருக்கு மாறும் என்றால் விற்கும்போது அது நல்ல பேச்சுப்பொருள். ஹைபிரிட்டைப் பழையதாக வாங்குபவருக்குத்தான் பயம் அதிகம். பெயர் மாற்றத்துக்கு என்ன நடைமுறை என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

எடுக்கும் முன் எதற்குக் கிடைக்காது என்று பார்ப்பது கிடைப்பதைப் பார்ப்பதைவிட முக்கியம். பிரேக் பேடு, வைப்பர், பல்பு, டயர் போன்ற தேய்மானப் பொருள்கள் வராது. எலி ஒயரைக் கடித்தால் வராது. வெளியில் ஒயரை வெட்டி டேஷ்கேமோ கூடுதல் லைட்டோ போட்டு அதனால் பழுது வந்தால் வராது. 12 வோல்ட் சிறு பேட்டரிக்குத் தனி வாரண்டி, அதன் காலமும் குறைவு. பலருக்குத் தெரியாதது, ஹைபிரிட் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்தச் சிறு பேட்டரிதான். கம்ப்யூட்டர்களை எழுப்புவதே அது. இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டால் அது இறங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பெரிய பேட்டரி போய்விட்டது என்று பதறிப்போய் வாரண்டி எடுப்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரியது வெள்ளம். சென்னையில் கார் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எந்த வாரண்டியும், 8 ஆண்டு பேட்டரி வாரண்டி உட்பட, வெள்ள நீர் புகுந்த வண்டிக்கு உதவாது. அது இன்சூரன்ஸின் வேலை, அதிலும் எஞ்சின் ப்ரொடெக்‌ஷன் ஆட்-ஆன் இருக்க வேண்டும். ஹைபிரிட் பேட்டரிக்கான ஆட்-ஆனும் சில இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தருகின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது, வீடு தாழ்வான பகுதியில் என்றால், யோசிக்காமல் இன்சூரன்ஸ் ஆட்-ஆனை எடுங்கள், வாரண்டியை விடுங்கள். தண்ணீரில் நின்ற ஹைபிரிட்டைத் தள்ளிப் பார்ப்பது, ஸ்டார்ட் செய்து பார்ப்பது எதுவும் வேண்டாம், டோயிங்குக்குச் சொல்லுங்கள்.

வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் ஒரு உத்தரவு போட்டது. வெளியில் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வதாக நிபந்தனை போடக் கூடாது, வெளி வேலையால் வந்த பழுதை மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். நல்ல உத்தரவுதான். ஆனாலும் ஹைபிரிட் விஷயத்தில் நான் அதை நம்பி இறங்க மாட்டேன். கிளெய்ம் என்று போய் நிற்கும்போது சர்வீஸ் வரலாறு முழுவதும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருப்பது பாதி வாதத்தை முடித்துவிடும். சர்வீஸை நாள் தள்ளாமல் விடுங்கள், ஜாப் கார்டும் பில்லும் பத்திரமாக இருக்கட்டும், பேட்டரி கூலிங் ஃபில்டர் சுத்தம் செய்ததை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ உள்ள காற்று வழியில் பையையோ துணியையோ வைத்து அடைக்காதீர்கள். பேட்டரி நீண்ட நாள் உழைக்க நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

எடுக்கும்போது கம்பெனியே தரும் வாரண்டியா, டீலரோ வேறு நிறுவனமோ தருவதா என்று கேளுங்கள். கம்பெனியுடையது என்றால் திருநெல்வேலியிலும் செல்லும், பெங்களூரிலும் செல்லும். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு உண்டா, 1,60,000 கி.மீ. தாண்டிய பிறகு எக்ஸ்டெண்டட் வாரண்டியில் ஹைபிரிட் பேட்டரி வருமா (என் கோவை நண்பனைப் போல நிறைய ஓட்டும் டொயோட்டாக்காரர்களுக்கு இதுதான் உயிர்நாடி), இதற்கெல்லாம் பதிலை வாய்மொழியாக வாங்காமல் மெயிலில் வாங்குங்கள். நான் கேட்டபோது அட்வைசர் முதலில் "எல்லாமே கவர் ஆகும் சார்" என்றார். மெயிலில் போடச் சொன்னதும் விதிமுறைத் தாளையே அனுப்பிவைத்தார், அதில் விலக்குகள் மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல். பணம் கட்டிய பிறகு கம்பெனி ஆப்பில் வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு எதிரே புதிய முடிவுத் தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரசீது மட்டும் போதாது. நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எனக்கு மூன்றாம் ஆண்டு முடியச் சில மாதம் இருக்கும்போது இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து எடுத்தேன். வாங்கிய அன்றே எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால் அந்த இடைவெளியில் வண்டியை எவ்வளவு ஓட்டுகிறேன், எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறேன் என்பதெல்லாம் தெளிவாகிவிட்டதால் அந்தக் கூடுதல் தொகை உறுத்தவில்லை.

ஆறாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை ஒரு இடைவெளி இருக்கிறது. பேட்டரிக்கு வாரண்டி இருக்கும், இன்வெர்ட்டருக்கும் டிரான்ஸ்ஆக்சிலுக்கும் இருக்காது. அதற்கு அப்பா சொன்ன வழிதான். இப்போதே வண்டிக்கென்று தனியாக ஒரு ஆர்.டி. தொடங்கி மாதம் 2,000 ரூபாய் போட்டுவருகிறேன்.